தரங்கம்பாடிச் சுவடியும் அவிநாசிக் குறிப்பேடும்

அவிநாசியை அடுத்த ஒரு சபையில் வாலிபர் சங்கத்தைச் சேர்ந்த மாணவர் சிலர் கோடை விடுமுறையில் ஒரு வேலையை மேற்கொண்டனர். அவர்களுடைய பெற்றோருள் பெரும்பாலோர் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் பணிபுரிவோர். பகற்பொழுதில் வீட்டில் இருப்பவர் பாட்டன் பாட்டியரே. அம்முதியோரிடம் சென்று, இன்ன நோய்க்கு இன்ன இலை என அவர்கள் அறிந்தவற்றைக் கேட்டு எழுதுவதும், அச்செடிகளுள் சிலவற்றை ஆலய வளாகத்தில் நட்டு வளர்ப்பதும், ஞாயிறு ஆராதனைக்குப் பின் அவற்றைப் பற்றிச் சபையார்க்கு எடுத்துச் சொல்வதும் அவர்கள் நோக்கம். ஆவாரை, நுணா, துத்தி, தூதுவளை, பிரண்டை, கீழாநெல்லி என வறண்ட நிலத்துச் செடிகள் நாற்பதுக்கும் மேல் அவர்கள் குறிப்பேட்டில் இடம்பெற்றன.

சேகரக் கமிட்டியில் இது விவாதத்திற்கு வந்தது. மூப்பர் ஒருவர் எழுந்து, ஆசா ராஜா கர்த்தரைத் தேடாமல் வைத்தியரைத் தேடியதை 2 நாளாகமம் 16-ஆம் அதிகாரத்திலிருந்து நினைவூட்டினார். செடியைப் பறிக்குமுன் சாபநீக்கம் செய்து மந்திரம் சொல்பவரிடம் நம் பிள்ளைகள் போய்க் கற்கலாமா என்பது அவர் கேள்வி. மற்றொருவர் 2 இராஜாக்கள் 20-ஆம் அதிகாரத்து அத்திப்பழ அடையைக் காட்டி ஏசாயாவைத் துணைக்கழைத்தார். வேத வசனங்களை இவ்வாறு ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்துவதில் நம் கமிட்டிகளுக்கு நிகர் கமிட்டிகளே. ஆனால் அவ்விவாதத்தில் இரு தரப்பாரும் ஒன்றை ஐயமின்றி ஏற்றுக்கொண்டிருந்தனர்: நாட்டு மருத்துவம் திருச்சபைக்குப் புறத்தே உள்ளது, இப்பொழுதுதான் முதன்முறையாக நம் வாசலுக்கு வருகிறது என்பதே அது. வரலாறு அவ்வாறு கூறவில்லை.

1706-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர் தமிழ் கற்ற விதத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். திண்ணைப் பள்ளி உபாத்தியாயரைப் பிள்ளைகளோடு தம் வீட்டிற்கே வரவழைத்து, அப்பிள்ளைகளின் நடுவே அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். போதிக்க வந்தவர் முதலில் மாணவரானார். இரண்டே ஆண்டுகளில், 1708-இல், தாம் சேகரித்த தமிழ்ச் சுவடிகளுக்கு ஒரு பட்டியலும் வரைந்தார். அதில் பக்தி நூல்களோடும் நீதி நூல்களோடும் வைத்திய வாகடமும் இடம்பெற்றது.

அவருக்குப்பின் 1709-இல் வந்து சேர்ந்த யோவான் எர்னஸ்ட் கிருண்டலர் ஐயர் இவ்வழியில் இன்னும் ஓரடி முன்சென்றார். தமிழ் மருத்துவச் சுவடிகளையும் மருத்துவர்கள் வாய்மொழியாய்க் கூறியவற்றையும் ஆதாரமாகக் கொண்டு 1711-இல் ஜெர்மன் மொழியில் அவர் ஒரு நூல் தொகுத்தார். ‘மலபார் மருத்துவர்’ எனப் பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். தமிழரை மலபாரிகள் எனவே அந்நாளைய ஐரோப்பியர் அழைத்தனர். நம் முதல் புராட்டஸ்தாந்து அருட்பணியாளருள் ஒருவர் வந்த இரண்டாம் ஆண்டிலேயே எழுதியது தமிழ் மருத்துவ நூல் என்பதை இறையியல் மாணவர் எத்தனை பேர் அறிவர்? அச்சுக்குச் செல்லாமல் அது ஆலே நகரத்து ஆவணக்காப்பகத்தில் கையெழுத்துப் படியாய் நெடுங்காலம் கிடந்தது.

ஆலே நகரத்திலிருந்த பிராங்கே ஐயரின் அநாதைச் சாலை தன் செலவிற்குப் பெரிதும் நம்பியிருந்தது, தன் மருந்துச் சாலையில் செய்து பல நாடுகளுக்கும் விற்ற மருந்துகளையே. அம்மருந்துகள் தரங்கம்பாடிக்கும் கப்பலேறி வந்தன. ஆகவே மருந்தின் அருமையை அறியாதவர் அல்லர் அவர்கள். இருந்தும், கிழக்கு நோக்கி மருந்துப் பெட்டி வந்த அளவிற்கு மேற்கு நோக்கிச் சென்ற மருத்துவ அறிவு மதிக்கப்பட்டதெனக் கூற இயலாது. சீகன்பால்கு ஐயர் 1713-இல் முடித்தனுப்பிய தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்று நூலுக்கு நேர்ந்ததும் இதுவே. மிஷனெரிமார் புறச்சமயத்தை வேரறுக்கச் சென்றவர்களேயன்றி ஐரோப்பாவில் பரப்பச் சென்றவர்கள் அல்லர் எனப் பிராங்கே கருதியதால் அந்நூல் முடங்கியது. வில்லியம் ஜெர்மன் ஐயர் அதைச் சென்னையில் அச்சிட்டது 1867-இல். ஒன்றைக் கேட்டு எழுதுவது அதற்கு உடன்படுவதாகாது என்னும் எளிய உண்மையை ஏற்க நம் திருச்சபைக்கு ஒன்றரை நூற்றாண்டு தேவைப்பட்டது. அவிநாசி மூப்பரின் கேள்வி புதியதன்று என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. 1712 முதல் 1714 வரை தரங்கம்பாடி மிஷனெரிமார் தமிழர் பலரிடம் கேள்விகள் அனுப்பி விடை பெற்றனர். அக்கடிதங்கள் 1714-இல் 55, 1717-இல் 44 என ஆலேயில் ஜெர்மன் மொழியில் அச்சாயின. வழிபாடு, குடும்பம், தொழில், கல்வி எனத் தமிழர் வாழ்வின் பல துறைகளையும் அவை தொட்டன. கடிதங்கள் அச்சாயின, எழுதியவர் பெயர் அச்சாகவில்லை. கிருண்டலர் ஐயருக்கு வாகடம் விளக்கிய மருத்துவர்களும் அவ்வாறே நம் திருச்சபை வரலாற்றில் பெயரின்றி நிற்கின்றனர். ஆசிரியர் பெயரை மாணவன் எழுதாது விட்டான்.

தரங்கம்பாடியில் பின்னர் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். மிஷனுக்கென மருத்துவர் வந்தனர். சாமுவேல் பெஞ்சமின் கினோல் 1732 முதல் 1767-இல் இறக்கும்வரை அங்கே பணியாற்றினார். 1768-இல் வந்த கேனிக் என்பவர் லின்னேயுவின் மாணவர். அவரோடு தாவரவியல் ஆர்வம் தரங்கம்பாடியில் பற்றிக்கொண்டது. யோன் ஐயர், ரோட்லர் ஐயர், கிளைன் ஆகியோர் அவர் வழிநின்று செடிகளைச் சேகரித்து உலர்த்தித் தாளில் ஒட்டி ஐரோப்பாவுக்கு அனுப்பினர். 1776-இல் வந்து 1836-இல் சென்னை வேப்பேரியில் மறைந்த ரோட்லர் ஐயரின் செடித் தாள்கள் இன்று இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் உள்ளன. தமிழ் வேதாகமத்தையும் ஜெப நூலையும் திருத்துவதில் உழைத்தவர் இவர். இவர் தொடங்கிய தமிழ்–ஆங்கில அகராதியைப் பிறர் நிறைவு செய்ய வேண்டியதாயிற்று.

இவர் பெயரால் ராக்ஸ்பர்க் ஒரு மரத்திற்கு ரோட்லெரா டிங்டோரியா எனப் பெயரிட்டார். கபிலப்பொடி தரும் மரம் அது. அதன் காய்மேல் படியும் செம்பொடி நாடாப்புழுவை வெளியேற்றும் மருந்து. பட்டுக்கு ஏற்றும் சாயமும் அதுவே. சாயப் பட்டறைகளால் நொய்யலாறு பட்ட பாட்டைக் கண்ட திருப்பூர் வட்டாரத்தார்க்கு, ஒரு போதகரின் பெயர் தாங்கிய மரம் சாயமும் மருந்தும் ஒருங்கே தந்தது வியப்பளிக்கும். தாவரவியலார் பின்னர் அம்மரத்தை வேறு பேரினத்தில் சேர்த்துவிட்டமையால் ரோட்லர் பெயர் அதைவிட்டு நீங்கியது. நான் கவனிப்பது இதைத்தான்: கிருண்டலர் மருத்துவத்தைக் கேட்டார். அறுபது ஆண்டுகளுக்குப் பின் வந்தோர் செடியைக் கொண்டனர். அதைக் கையாண்ட மருத்துவரிடம் கற்பது பின்னுக்குச் சென்றது. செடிக்கு ஐரோப்பியர் ஒருவரின் பெயர் கிடைத்தது. பறித்துக் காட்டியவர் பெயர் அங்கும் இல்லை.

இடையில் தஞ்சையை மறந்துவிடலாகாது. சுவார்ட்ஸ் ஐயரைப் பாதுகாவலராகக் கொண்டு வளர்ந்த இரண்டாம் சரபோஜி மன்னர் கிறிஸ்தவராகவில்லை. ஆனால் 1798 முதல் 1832 வரை ஆண்ட அவர், தன்வந்திரி மகால் அமைத்து நாட்டு மருத்துவரையும் மேனாட்டு மருத்துவ நூல்களையும் ஒரே கூரையின்கீழ்க் கொணர்ந்தார். கண்நோயாளர் பற்றிய குறிப்புகள் அங்கு எழுதி வைக்கப்பட்டன. மருந்து முறைகள் தமிழ்ச் செய்யுளாகத் தொகுக்கப்பட்டு, ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்னும் வரிசையில் பின்னர்ச் சரசுவதி மகாலால் அச்சிடப்பட்டன. மிஷனெரியின் மாணவர், மிஷனெரிமார் பாதியில் விட்டதை அரண்மனையில் தொடர்ந்தார்.

இனி யாழ்ப்பாணம். அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் அங்கு வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். பயின்று தேறிய மாணவர் அரசாங்க உத்தியோகம் பெற்று வெளியூர்களுக்குச் சென்றனர். யாரை நினைந்து அவர் கற்பித்தாரோ அக்கிராமத்தார்க்கு மருத்துவர் இல்லை. இதைக் கண்டு 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கலானார். தமிழில் பயின்றவன் தமிழரிடையே தங்குவான் என்பது அவர் எதிர்பார்ப்பு. அதற்குப் பாடநூல் வேண்டுமே! மாணவரையே துணைகொண்டு நூல்களை மொழிபெயர்த்தார். ‘பிரசவ வைத்தியம்’, ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘வைத்தியாகரம்’, ‘கெமிஸ்தம்’ என்று அவை வரிசையாக வெளிவந்தன. கலைச்சொற்களுக்குத் தனித் தொகுதிகளும் உருவாயின. அவரிடம் பயின்ற மருத்துவர் அறுபதுக்கும் மேற்பட்டோர்.

கிறீன் நாட்டு மருத்துவத்தை உயர்வாக மதித்தவர் அல்லர். அதன் இடத்தில் மேனாட்டு மருத்துவத்தை நிறுத்தவே அவர் உழைத்தார். இதை மறைத்து அவரை மூலிகை மருத்துவத்தின் புரவலராகக் காட்டுவது நேர்மையன்று. அப்படிக் காட்டும் சொற்பொழிவுகளை நான் கேட்டிருக்கிறேன். ஆயினும் அவர் மறைந்த 1884-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘இந்து பதார்த்த சாரம்’ நம் பொருளுக்கு உரியது. வேரிங் என்பவர் 1868-இல் வெளியிட்ட இந்திய மருந்து நூலைத் தழுவியது அது. இந்நாட்டில் விளையும் மருந்துச் சரக்குகளை ஆராய்ந்து அளவோடு கூறிய அந்நூல் தமிழுக்கு வந்தது. தமிழ் மருத்துவரிடமிருந்து ஆங்கிலத்திற்குப் போன அறிவு, அளக்கப்பட்டு, தமிழ் மாணவர் கைக்கே திரும்பிற்று. திரும்பியபோது அதில் மூன்று தலைமுறை மருத்துவர் பெயர் கழிந்திருந்தது. அளவும் முறையும் சேர்ந்திருந்தன. இழப்பும் உண்டு, ஆதாயமும் உண்டு. கிறீனின் கல்லறைக் கல்லில் அவர் விருப்பப்படியே தமிழருக்கு மருத்துவ நற்செய்தியாளர் என்னும் பொருளில் பொறித்திருக்கிறார்கள். அக்கல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் உள்ளது.

நம் நாட்டில் இருபதாம் நூற்றாண்டில் இப்பணி திருச்சபையின் கையை விட்டு அரசின் கைக்குச் சென்றது. சென்னை அரசு 1921-இல் முகம்மது உஸ்மான் தலைமையில் அமைத்த குழு 1923-இல் அறிக்கை அளித்தது. சித்தம், ஆயுர்வேதம், யுனானி மூன்றையும் கற்பிக்கும் அரசுப் பள்ளி அதன் விளைவு. 1964-இல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரி தோன்றியது. இக்காலமெல்லாம் நம் மிஷன் மருத்துவமனைகள் அரும்பணி ஆற்றின என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றின் வாசலில் நாட்டு மருத்துவர் ஆசிரியராக நின்றதை நான் காணேன்.

இவ்வளவு சொன்னபின், கேட்டதையெல்லாம் ஏற்க வேண்டுமா என வினவுவோர்க்கு விடை கூற வேண்டும். கீழாநெல்லியையே எடுத்துக்கொள்வோம். மஞ்சட்காமாலைக்குக் கீழாநெல்லி என்பது கொங்கு நாட்டுச் சிறுபிள்ளையும் அறிந்தது. சென்னையில் எஸ்.பி. தியாகராஜனும் அவர் குழுவினரும் காமாலை பி வகைக் கிருமியை உடலில் தாங்கியவர்க்கு இதன் பொடியைக் கொடுத்து 1988-இல் லான்செட் இதழில் முடிவை வெளியிட்டனர். பொடி உண்ட 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது. போலி மருந்துண்ட 23 பேரில் அவ்வாறு மறைந்தது ஒருவரிடமே. உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர்ப் பிற நாடுகளில் செய்த சோதனைகள் அம்முடிவை உறுதிசெய்யவில்லை. செடி எது என்பதிலேயே குழப்பம் இருந்தது. நம் நூல்கள் நெடுங்காலம் பில்லாந்தஸ் நிரூரி எனக் குறித்துவந்த செடி உண்மையில் பில்லாந்தஸ் அமாரஸ் என்பதாயிற்று. ஆகவே பாட்டி சொன்னது பொய் எனவும் சொல்ல முடியவில்லை. மெய்ப்பிக்கப்பட்டது எனவும் சொல்ல முடியவில்லை. இந்த நடுநிலையில் நிற்கப் பழகுவது மாணவனுக்குக் கடினம். போதகனுக்கு அதைவிடக் கடினம்.

பெயர்க் குழப்பம் அவிநாசியிலும் எழுந்தது. எங்கள் பக்கத்தில் சுக்குட்டிக் கீரை என்பதை மதுரைப் பக்கத்தில் மணத்தக்காளி என்பர். வெளியூரிலிருந்து பனியன் வேலைக்கு வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டையும் வேறு வேறு செடி என எண்ணி இரண்டு பக்கங்களில் எழுதியிருந்தனர். ஐயம் வந்தால் தீர்த்துக்கொள்ள இடம் தொலைவில் இல்லை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தென்மண்டல நிலையம் 1955 முதல் இயங்கிவருகிறது. பூவும் காயும் உள்ள கிளையை நாளிதழ்த் தாளில் அழுத்தி உலர்த்திக் கொண்டுபோய் அங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரோட்லர் ஐயர் கைக்கொண்டதும் இம்முறையே.

ஒரு செடி எனக்கு அச்சம் தந்தது. ஆடுதீண்டாப்பாளையை மாணவர் ‘விஷக்கடிக்கு’ எனக் குறித்து, வளாகத்தில் நடவும் முடிவு செய்திருந்தனர். அச்செடியின் பேரினத்தில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உள்ளது. அது சிறுநீரகத்தைக் கெடுப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது 1990-களில் பெல்ஜிய நாட்டில் பலர் பாதிக்கப்பட்ட பின் ஐயமற நிறுவப்பட்டது. பாம்பு கடித்தால் அரசு மருத்துவமனையில் விஷமுறிவு ஊசி இருக்கிறது. இலையரைக்கும் நேரத்தில் உயிர் போய்விடும். இதற்கும் முன்னுதாரணம் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் பாம்புக்கடிக்குப் பேர்பெற்ற தஞ்சாவூர் மாத்திரையைப் பேட்ரிக் ரசல் என்னும் மருத்துவர் நாய்க்கும் கோழிக்கும் கொடுத்துச் சோதித்தார். அம்மாத்திரையில் பாஷாணம் சேர்ந்திருந்தது. எழுதிக்கொள்ளலாம், பரப்பக்கூடாது என்னும் வரம்பு இருக்கிறது. ஆடுதீண்டாப்பாளைப் பக்கத்தில் மாணவர் சிவப்பு மையால் கோடிட்டனர். டெங்குக் காய்ச்சல் பரவிய 2012 முதல் அரசே வழங்கிவரும் நிலவேம்புக் குடிநீரைப் பற்றிய பக்கத்திலும், அதைக் குடிப்பவர் இரத்தப் பரிசோதனையை விட்டுவிடலாகாது என ஒரு வரி சேர்த்தனர்.

பெயரைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னதற்கு இப்பொழுது வருகிறேன். அகத்தியமலையின் கேரளப் பகுதியில் வாழும் காணி இனத்தார் 1987-இல் தமக்கு வழிகாட்டிகளாய் வந்தபோது, ஒருவகைக் காயைத் தின்று களைப்பின்றி மலையேறியதைப் பாலோடு ஆய்வு நிலையத்து அறிவியலார் கண்டனர். ஆரோக்கியப்பச்சை என்னும் அச்செடியிலிருந்து ‘ஜீவனி’ என்னும் மருந்து உருவாயிற்று. அதைச் செய்யும் உரிமையை 1995-இல் பெற்றது கோயம்புத்தூரிலுள்ள ஆர்ய வைத்திய பார்மசி. உரிமைத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று ஏற்பாடாகி, 1997-இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை பதிவாயிற்று. அவ்வேற்பாட்டிலும் குறைகள் இருந்தன. எல்லாக் காணியரையும் கேட்டுச் செய்ததன்று எனக் குற்றச்சாட்டும் எழுந்தது. ஆயினும் சொன்னவர்க்கு உரியது உண்டு என ஒருவர் ஒப்புக்கொண்டார். அதே 1995-இல் அமெரிக்காவில் புண்ணாற்றும் மஞ்சளுக்கு வழங்கிய காப்புரிமை 1997-இல் நீக்கப்பட்டதும் எழுத்துச் சான்றுகளை எடுத்துக் காட்டியதால்தான். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பர். ஆனால் வாய்ச்சொல் வழக்கில் நில்லாது.

அவிநாசி மாணவரின் குறிப்பேட்டை நான் வாங்கிப் பார்த்தபோது ஒவ்வொரு பக்கத்திலும் செடியின் பெயர், நோய், செய்முறை, பத்தியம் எல்லாம் இருந்தன. சொன்னவர் பெயர் இருக்குமிடத்தில் ‘ஒரு பாட்டி’, ‘ஒரு பெரியவர்’ என்றே இருந்தது. ஏன் என்று கேட்டேன். முதலில் விடையில்லை. பிறகு ஒரு மாணவி சொன்னாள்: சில மருந்துகளைச் சொன்னவர் மருத்துவச்சி வேலை பார்த்தவர், முடிதிருத்தும் குடும்பத்தார், வேறு சிலர் காலனியிலிருப்போர். பெயரைப் போட்டால் ஊருக்குள் யார் வீட்டில் அம்மருந்தைக் குடிப்பார்கள் என்பது அவர்கள் அச்சம். பிரசவமும் புண்ணும் பார்த்த கைகளை நாம் தாழ்ந்த கைகள் எனக் கருதியதையும், அக்கைகள் சொன்னதை மட்டும் பெயரின்றி எடுத்துக்கொண்டதையும் பதினைந்து வயதுப் பிள்ளைகள் சொல்லாமலே கற்றிருந்தனர். மந்திரத்தைப் பற்றிக் கவலைப்பட்ட கமிட்டியில் இதைப் பற்றி எவரும் கவலைப்பட்டதாய்த் தெரியவில்லை. நானும் அதுவரை கவலைப்பட்டவன் அல்லன்.

இரண்டாம் குறிப்பேடு தொடங்கியபோது ‘சொன்னவர்’ என ஒரு பத்தி சேர்ந்தது. அவரிடம் இசைவு கேட்டே பெயர் எழுதுவது என முடிவாயிற்று. மந்திரம் சொன்னவர் சொன்ன மந்திரமும் எழுதப்பட்டது. மாணவர் அதை ஓதவில்லை. ஓர் அம்மையார் மட்டும், எண்பது வயதைக் கடந்தவர், சிரங்குக்கு மருந்து சொல்லிவிட்டுப் பெயரைத் தர மறுத்தார். யாரிடம் கேட்டதென்று வெளியே சொன்னால் மருந்து பலிக்காது கண்ணு என்றாராம். மாணவர் அவ்விடத்தைக் காலியாக விட்டு, அருகே சிற்றெழுத்தில், கேட்டோம், தம் பெயரை எழுத வேண்டாம் என்றார் என்று குறித்திருக்கின்றனர்.